திரிந்துபோன ஸ்டூ

"பால் ஏன் திரியுதுன்னு நீங்கதான் சார் கண்டுபிடிக்கணும்" என்று வந்து நின்றாள் உணவகத்து மருமகள். இறால், கணவாய், வெண்ணெய், பால், க்ரீம் சேர்ந்த ஸ்டூ அது. புகுந்த வீட்டுக் கைப்பக்குவம். ஒரு வருடமாக அவள் கையில் மணக்க மணக்க வந்தது, ஒரு மாதமாக அடுப்பிலேயே திட்டுத்திட்டாகத் திரிந்துவிடுகிறது.

"இன்னைக்கும் திரிஞ்சா கரண்டியை வெச்சுட்டுப் போகச் சொல்லிட்டாங்க நாத்தனார். எனக்கு அவங்க மேலதான் சந்தேகம்."

துப்பறிபவர் நிதானமாகச் செருப்பை மாட்டுவதற்குள் அவருடைய மைத்துனன் தெருவில் நின்றான். வழக்கு என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். குற்றவாளியை வழியிலேயே முடிவு செய்துவிடுவான். இன்று நாத்தனார்.

ஆனால் உணவகத்தில் நாத்தனாரோ கல்லாவை விட்டு அசையவே இல்லை, அடுப்படிப் பக்கமே போகவில்லை. மைத்துனனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

பின்கட்டுக் குழாயடியில் மாமனார் இறால் உரித்துக்கொண்டிருந்தார். அது எப்போதும் அவர் வேலை. அவர் முதுகுக்குப் பின்னால் அடுப்பில் பால் அடிப்பிடித்துக் கருகியது. மைத்துனன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி அணைத்தான். பெரியவர் திரும்பவே இல்லை. குப்பைக்கூடையில் பிழிந்த எலுமிச்சைத் தோல்கள் குவிந்திருந்தன. கழுவி வைத்த இறாலின் ஓரங்கள் வெந்ததுபோல் வெளுத்திருந்தன.

"எல்லாரையும் கூப்பிடு மாப்ளே" என்றார் துப்பறிபவர். எல்லாரும் கூடியதும் வெளுத்த இறால் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"புளிப்பு பட்டா பால் திரியும். இந்த ஸ்டூவுல புளிப்பே கிடையாது. அப்போ அது இறாலோடதான் வருது. எலுமிச்சைச் சாறுல ஊறினா பச்சை இறாலே இப்படி வெளுக்கும். அலசினாலும் உள்ள இறங்கினது முழுசாப் போகாது."

"ஏன் அத்தான் அவ்வளவு பிழியணும்?"

"கவுச்சி போகத்தான். எந்த இறால் நல்லது, எது கெட்டதுன்னு மோந்து தெரிஞ்சவர் எல்லாத்தையும் ஊறவைக்க மாட்டார். பால் கருகினதுகூட இவருக்குத் தெரியலையே."

மாமனார் கை ஈரத்தை வேட்டியில் துடைத்தார். "போன மாசக் காய்ச்சலோட எனக்கு வாசனை தெரியறதே போயிடுச்சு. சொன்னா மூலையில உட்கார வெச்சிடுவீங்க. கெட்டதை யாருக்காவது போட்டுடுவேனோன்னு பயம். நல்லா அலசித்தாம்மா தந்தேன்."

மருமகளுக்கு முதலில் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. மாமனாரின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. முந்தானையைச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் குந்தினாள். ஊறவைக்காத இறால் ஒன்றை எடுத்து முகர்ந்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது நல்லா இருக்கு மாமா. உரிங்க."