நாற்பத்தேழாம் தாள்

2007 ஜூன். வண்டலூருக்குக் கிழக்கே ஓர் ஊராட்சி அலுவலகம். காலை 9.40.

தீர்மானப் பதிவேட்டில் நாற்பத்தேழாம் தாளைக் காணோம். யாரோ பிளேடால் அறுத்திருந்தார்கள். பீரோ பூட்டு அப்படியே இருந்தது.

அது சாதாரணத் தாள் இல்லை. ஒரு கம்பெனி பக்கத்து ஊருக்குப் போய்விடுமோ என்ற பயத்தில், சந்தைத் திடலை அதற்கு முப்பது வருஷம் அடிமாட்டு விலையில் குத்தகைக்கு விட்டிருந்தது ஊராட்சி. உள்ளூரில் ஐம்பது பேருக்கு வேலை தராவிட்டால் திடல் ஊருக்கே திரும்பும். இந்த நிபந்தனை பத்திரத்தில் ஏறவில்லை. அந்தத் தாளில் மட்டும்தான் இருந்தது. மதியம் மூன்று மணிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் அந்தக் குத்தகை பற்றி விசாரணை.

சப்-இன்ஸ்பெக்டர் ஹெப்சி பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். மொத்தத் தாள்கள் நூறு என்ற சான்றில் 'நூறு' அடிக்கப்பட்டு, 'தொண்ணூற்றொன்பது' ஆகியிருந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு இனிஷியல், சுருக்கொப்பம்.

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு, கிளார்க் வேதசிரோமணிகிட்ட ஒண்ணு," என்றார் தலைவர் முனிரத்தினம். "குத்தகைல கையெழுத்து போட்டவன் நான். ஊரே என்னைத்தான் திருடன்னு சொல்லும் மேடம்."

வாசலில் மீன்கூடையோடு அங்காளம்மா நின்றாள். திடலில் கடை போட்டிருந்தவள்.

"கோவளத்துலேர்ந்து மீனு எடுத்தாந்து எங்கம்மா குந்துறது? பஸ் ஸ்டாப்புலயும் தொரத்துறானுங்கோ. அம்பது பேருக்கு வேலைன்னானுங்கோ. எபின்னு ஒரே ஒரு பொண்ணுக்குத்தான் குட்த்தானுங்கோ."

ஹெப்சி அதற்குமேல் கேட்கவில்லை. அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும்.

11.15. கிளார்க் வேதசிரோமணியின் மேஜை. போலீஸ் தேர்வுக்கு ஹெப்சியின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் அவர்தான். எபியின் அப்பா.

"திருடன் அறுப்பான், போயிடுவான் அங்கிள். எல்லாரும் அறுத்த இடத்தையே பார்த்தாங்க. முதல் பக்கத்துல தாள் எண்ணிக்கையைத் திருத்தி, பக்கத்துல சுருக்கொப்பமும் போட்டிருக்கு. கிளார்க்கைத் தவிர வேற யாருக்கு அந்தப் பழக்கம்? அது உங்க ஒப்பம்."

அவர் தலை கவிழ்ந்தது. "திடல் போச்சுன்னா கம்பெனியை மூடிடுவோம்னாங்க. எபி சம்பளத்துலதான் அவ அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்குது. தப்புதாம்மா."

"தாள் எங்கே?"

மேஜை டிராயரிலிருந்த ஓர் அட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். மடிக்கக்கூட இல்லை. "எரிக்க மனசு வரலை. ரெக்கார்டு இல்லையா?"

தாளோடு முனிரத்தினம் ஜீப்பில் கிளம்பினார். அங்காளம்மாவுக்குத் திடல் கிடைத்துவிடும். எபி வீட்டில்தான் இனி டயாலிசிஸுக்குப் பணம் இருக்காது.

வேதசிரோமணி வாக்குமூலம் எழுதினார். எட்டாவது வரியில் ஒரு சொல் தவறாக விழுந்தது. அதை அடித்தார். திருத்தி எழுதினார். பிறகு, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார்.