நாளைய சாவுச் செய்தி

புதன்கிழமை சாயங்காலம், கடைசிப் பதிப்பு அச்சேறிய கையோடு வினிஃப்ரெட் பிரீன் அச்சுக்கோப்புக் கூடத்துக்குள் வந்தாள். பிழை பார்ப்பதற்காக எடுத்த புரூஃப் தாள் ஒன்றை மேஜைமேல் போட்டுவிட்டு, இனி அதைத் தொட மாட்டேன் என்பதுபோல் பின்வாங்கி நின்றாள். ஒன்பது வருஷமாக ஒரு மாலைப் பத்திரிகைக்காகச் சின்சினாட்டி நகரத்தின் கொலை கொள்ளையெல்லாம் எழுதியவள், அவளா இப்படி என்று கூடத்தின் தலைவர் ராடெமாகர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

தாளில் இருந்தது அவளுடைய சாவுச் செய்தி. "எமது நிருபர் செல்வி வினிஃப்ரெட் பிரீன் நேற்று காலை ஏழு மணிப் படகிலிருந்து தவறி விழுந்து ஆற்றில் மூழ்கினார்." மேலே, "வியாழன் பதிப்புக்கு" என்று குறிப்பு.

அந்த மாலைப் பத்திரிகையில் கொலைக்குப் பஞ்சமே கிடையாது. 'கில்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு செய்தியைக் கொல்வார்கள், அதாவது அச்சேற்றாமல் நீக்குவார்கள்; விளம்பரத்தைக் கொல்வார்கள், பொழுதையும் கொல்வார்கள். கொன்ற அச்சு 'செத்தது' என்று எழுதிய தகரப் பெட்டிக்குள் போகும். பழைய செய்தி வெட்டுகள் இருக்கும் அறைக்குப் பெயர் பிணவறை. இத்தனை நாள் சிரித்துக்கொண்டு சொன்ன வார்த்தைகள்தான். இன்று யாரோ பக்கத்தில், "அந்த வரியைக் கொன்னுடு" என்றதும் அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

கையெழுத்தில்லாமல், தட்டச்சு செய்த தாளாக, அச்சுக்குப் போகும் செய்திகளைப் போடும் கூடைக்குள் வந்தது என்றார் அதை அச்சுக் கோத்தவர். அந்தக் கூடையில் தாள் போடும் அதிகாரம் இரண்டே பேருக்கு. ஒருவர் நகர ஆசிரியர் கிரேன். உளுத்துப்போன படகு மூழ்கிப் பதினோரு பேர் செத்ததைப் பற்றி அவள் எழுதியதை மூன்று தடவை நீலப் பென்சிலால் கொன்றவர். இன்னொருவர் துணையாசிரியர் ஹாஸ்கெட். இருபது வருஷம் ஒரு காலைப் பத்திரிகையில் இருந்துவிட்டு ஜூனில்தான் இங்கே வந்தவர். அவளுக்கு ஆறுதல் சொன்ன ஒரே மனிதர்.

ராடெமாகர் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். கிரேன் படித்துவிட்டுச் சிரித்தார். நாளைய பேப்பரில் 'நேற்று காலை' என்றால் இன்று காலை. அது கழிந்துவிட்டது, ஆள் உயிரோடு நிற்கிறாள், எவனோ விளையாடியிருக்கிறான் என்றார். வினிஃப்ரெட்டுக்கு அதை நம்பிவிட வேண்டும்போல் இருந்தது.

"மிஸ் பிரீன், ஏழு மணிப் படகுல நீங்க என்னிக்குப் போவீங்க?" என்று நிதானமாகக் கேட்டார் ராடெமாகர்.

"வியாழக்கிழமை மட்டும். நாளைக்கு."

"அப்போ இது விளையாட்டு இல்லை. நாளைக்கு நடக்கப்போறதைத்தான் எழுதியிருக்கான். மாலைப் பேப்பர்க்காரன் காலைல நடந்ததை 'இன்று'ன்னுதான் எழுதுவான். தூக்கத்துலகூட மாத்த மாட்டான். 'நேற்று'ன்னு எழுதறது, மறுநாள் வெளிவர்ற காலைப் பேப்பர்க்காரன் கை. ஜூன்லேருந்து தினமும் அந்த 'நேற்று'வை நான்தான் திருத்தறேன். இல்லீங்களா, மிஸ்டர் ஹாஸ்கெட்?"

ஹாஸ்கெட் வாசல் பக்கம் நகர்ந்தார். கிரேன் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். செய்தியைக் கொல்கிறவர்தான், ஆளைக் கொல்ல விடுகிறவர் அல்ல.

"எழுதினது மட்டும்தான் நான்," என்றார் ஹாஸ்கெட். மூழ்கிய அந்தப் படகின் முதலாளிதான் எழுதச் சொன்னாராம். வேறு நிருபர் தோண்டுவதற்கு முன்னால் 'தவறி விழுந்தாள்' என்று ஊருக்குள் பரவிவிட வேண்டுமாம்.

வினிஃப்ரெட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. வியாழக்கிழமைப் பயணத்தைப் பற்றி இந்த ஆபீசில் அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. தன் சாட்சியைப் பார்க்கத்தான் அந்தப் படகில் போகிறாள். அந்த விபத்தில் தப்பிப் பிழைத்த படகுத் தொழிலாளி டன்ஃபி; ஊரில் அவள் முழுசாக நம்பியது அவன் ஒருவனைத்தான்.

"தள்ளப்போறது யாரு?" என்று கேட்டாள்.

ஹாஸ்கெட் தரையைப் பார்த்தார். "டன்ஃபி."

போலீசுக்கு ஆள் ஓடினான். ராடெமாகர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். அவள் அழவில்லை.

"அவன் பிள்ளைங்களுக்கு நாளைக்குக் கொண்டுபோகலாம்னு ரொட்டி வாங்கி வச்சிருக்கேன், சார்," என்றாள்.