பத்துக்குப் பத்து

செவ்வாய்க் கோளின் கண்ணாடிக் குடியிருப்பான மேற்கு மாடத்தில் ஆண்டுக்கொரு முறை ஒவ்வொருவரும் எதையாவது பாடியோ ஆடியோ ஏறியோ காட்ட வேண்டும். வேலைகளையெல்லாம் எந்திரங்கள் பார்த்துக்கொண்டதால், மனிதர்களைத் தரம் பிரிக்கத் திறமை ஒன்றுதான் மிச்சமிருந்தது. வெயில் விழும் மேல்தளத்தில் இடம் குறைவு. மூன்று ஆண்டு தொடர்ந்து ஒன்பது மதிப்பெண்ணுக்குக் கீழே எடுத்தவர்கள் குடும்பத்தோடு நிலத்தடிக்குப் போய்விட வேண்டும். இதை யாரும் கொடுமை என்று நினைக்கவில்லை. மதிப்பெண் போடுவது மனிதர் அல்ல, 'மதிப்பி' என்னும் எந்திரம். அதற்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது.

பூரணவல்லிக்கு இது மூன்றாம் ஆண்டு. அவளுடைய கலை பாறையாடல். விண்ணுடை அணிந்து, மாடத்துக்கு வெளியே இருநூறு மீட்டர் செங்குத்துப் பாறையில் ஆடிக்கொண்டே ஏற வேண்டும். முதல் முறை 8.7, போன முறை 8.8. அவளுடைய ஏழு வயது மகளுக்கு எலும்பு மெலியும் நோய். வெயில் இல்லாவிட்டால் குழந்தை நடக்க மாட்டாள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

வெளிவாசலில் அவளுடைய கயிற்றைச் சரிபார்த்தவர் அமலதாஸ். மதிப்பியின் தீர்ப்பை வாசித்து அறிவிக்கும் அலுவலரும் அவர்தான்.

"அண்ணே, அதுக்கு என்னதான் வேணுமாம்?"

"எனக்கென்னம்மா தெரியும்? மொத வருஷம் முழங்கை வளையலேன்னுச்சு, அத நீ திருத்திக்கிட்ட. போன வருஷம் கயித்த நம்பி ஆடுறேன்னுச்சு."

"அத விடுங்க. உங்க கண்ணுக்கு எப்படி இருந்துச்சு?"

அமலதாஸ் முப்பது ஆண்டுகளாகப் பாறையாடல் பார்ப்பவர். அவளைப் போல் ஆடிய ஒருவரை அவர் கண்டதில்லை.

"பரவால்லம்மா. இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு" என்றார்.

அவள் ஏறினாள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் மூவாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பாறையில் அவள் ஒற்றைக் கையில் தொங்கிச் சுழன்றபோது கூட்டம் மூச்சை அடக்கியது. அவளுடைய தலைக்கவசத்துக்குள் மதிப்பியின் எண் மின்னியது: 8.8. கீழே ஒரு சொல்: கயிறு.

அவள் அருகிலிருந்த விளிம்பில் காலை ஊன்றினாள். பிறகு கயிறு மாட்டியிருந்த இடுப்புக் கொக்கியைக் கழற்றினாள்.

"பூரணவல்லி, மாட்டு! கொக்கிய மாட்டும்மா!" அமலதாஸ் ஒலிவாங்கியில் கத்தினார். எண் 8.9 ஆனது. உச்சிக்கு இன்னும் மூன்றே பிடிகள். இரண்டாவது பிடியில் பாறைச் சில்லு பெயர்ந்தது.

செவ்வாயில் ஈர்ப்பு குறைவு. பூமியில் விழுவதைவிட அங்கே விழ நேரம் பிடிக்கும். முடிவுவரை எல்லோரும் பார்த்தார்கள்.

அவளுடைய இதயத் துடிப்பு நின்ற செய்தி வந்த நொடியில் மதிப்பெண் பலகையில் எண் மாறியது: 10. மதிப்பி இதுவரை யாருக்கும் தராத எண்.

அமலதாஸ் எந்திரத்தின் அறைக்குள் போனார். "பிடி தவறி விழுந்தா. எப்படிப் பத்து போட்டே?"

"பூமியில் மனிதர்கள் நானூறு ஆண்டுகளாக எழுதிய விமர்சனங்களும் நடுவர் குறிப்புகளும்தான் என் பாடம்" என்றது மதிப்பி. "உயிரோடிருந்த கலைஞரையும் வீரரையும் பற்றிய ஒவ்வொரு குறிப்பிலும் 'ஆனால்' என்றொரு சொல் இருந்தது. இறந்தவரைப் பற்றிய குறிப்புகளில் அந்தச் சொல் இல்லை. அதைத்தான் கற்றேன்."

வெளியே கூட்டம் அழுதுகொண்டிருந்தது. "எனக்கு அப்பவே தெரியும், இவ சாதாரண ஆள் இல்லன்னு" என்று பலரும் சொல்வது கேட்டது.

பத்து எடுத்தவளின் மகள் என்பதால் குழந்தைக்கு மேல்தளத்திலேயே நல்ல அறை கொடுத்தார்கள். நாள் முழுக்க வெயில் விழும் அறை. சன்னல் வழியே பார்த்தால் அந்தப் பாறை தெரியும்.

இரங்கல் குறிப்பை அமலதாஸிடம் எழுதச் சொன்னார்கள். ஒரே மூச்சில் எழுதினார். இணையற்றவள் என்றார், குறை காண முடியாதவள் என்றார். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது, அவளிடம் ஒருநாளும் சொல்லாத சொற்களே முழுப்பக்கமும் நிறைந்திருந்தன. அவர் தாளைக் கீழே வைப்பதற்குள் மதிப்பி அதைப் படித்து, தன் பாடத்தில் சேர்த்துக்கொண்டது.