சிவப்புப் பென்சிலில் ஒரு ‘கில்’

அட்டைப்பெட்டியின் அடி பிய்ந்தது. மூன்றாம் மாடிப் படிக்கட்டு முழுவதும் பழுப்பேறிய தாள்கள் சிதறின.

பெருங்களத்தூரில் அந்த அடுக்குமாடிக்கு அன்றுதான் குடிவந்திருந்தார் யேசுதாசன். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாமான் வண்டி ஒன்று ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டதால், வழி காட்டக் கீழே போயிருந்தார். எதிர்வீட்டு ஓவியாவும் அவள் நண்பன் விக்கியும் பெட்டி தூக்க உதவ வந்தார்கள். உதவியின் லட்சணம்தான் இது.

“ஐயோ, எடு எடு!” என்றாள் ஓவியா.

விக்கி ஒரு தாளைப் பிடித்தபடி அப்படியே நின்றான். “இதைப் பாரேன்.”

அது ஓர் ஆங்கிலச் செய்தி. நடுவில் ஒருவர் படம். ‘கோவளம் மீனவர் துலுக்காணம் புயலில் பலி’ என்று தலைப்பு. அதன் குறுக்கே சிவப்புப் பென்சிலில் பெரிதாக ஒரு வார்த்தை: ‘கில்’. கீழே யேசுதாசனின் கையெழுத்து.

“கில்னா கொல்லு!” என்றான் விக்கி. “இவருதான் ஆள் வச்சுக் கொன்னுட்டு, புயல்னு எழுதியிருக்காரு. செம பேஜார்! நான் போய் வாட்ச்மேன் அண்ணாகிட்ட சொல்றேன்.”

ஓவியாவுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால், “பாத்து தூக்கும்மா, கனமா இருக்கும்” என்று கொஞ்ச நேரம் முன்பு சொன்னவர் அவர். தப்பாக ஏதாவது பரவிவிட்டால் அவர் இங்கே எப்படிக் குடியிருப்பார்?

“அஞ்சு நிமிஷம் இரு. மத்த தாளையும் பாத்துடலாம்.”

அடுத்த தாளில் மாம்பழக் கண்காட்சி. அதன் மேலும் ‘கில்’. இன்னொன்றில், தாம்பரத்தில் நாளை மழை பெய்யும் என்ற செய்தி. அதற்கும் ‘கில்’.

“விக்கி, மழையை எப்படிடா கொல்றது?”

விக்கி அந்தத் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

ஒவ்வொரு தாளோடும் மறுநாள் வந்த பத்திரிகையும் சேர்த்துக் குத்தியிருந்தது. ஓவியா படியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ‘கில்’ இல்லாத செய்திகள் எல்லாம் பத்திரிகையில் இருந்தன. மாம்பழத்தையும் மழையையும் காணோம். துலுக்காணம் இறந்த செய்தியும் இல்லை.

“ஆளை இல்லடா, செய்தியைத்தான் கொல்லச் சொல்லியிருக்காரு! இதைப் போடாதேன்னு அர்த்தம்.”

“சரி, ஒருத்தர் செத்ததை ஏன் போடல?”

அதற்குள் யேசுதாசன் மூச்சு வாங்கப் படியேறி வந்துவிட்டார்.

“சாரி அங்கிள், பெட்டி பிஞ்சிடுச்சு. துலுக்காணம் நியூஸை மட்டும் ஏன் கில் பண்ணீங்க?”

அவர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். “அந்த வார்த்தைய யாரும்மா உனக்குச் சொன்னது?”

“யாரும் சொல்லல. மழைய வச்சுக் கண்டுபிடிச்சேன்.”

யேசுதாசன் சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்தார். “எங்க ஆபீஸ்ல தினமும் பத்து செய்தியாவது கொல்லுவோம். இது மட்டும் மறக்க முடியாதது. புயல்ல போனவர் திரும்பல, இறந்துட்டாருன்னு நிருபர் ஊருக்கே போய் எழுதிட்டு வந்துட்டார். அச்சுக்குப் போக பத்து நிமிஷம் இருக்கு. அவர் சம்சாரம் முத்தாலம்மாள் போன்ல கத்துறாங்க. ‘சார், எங்க வூட்டுக்காரரு ஒடஞ்ச படகு பலகைய புடிச்சுகினு கரைக்கு வந்துட்டாரு! உசுரோட கீறாரு சார்! பேப்பர்ல போட்டுடாதீங்க!’ ஓடிப் போய் ‘கில்’னு எழுதினேன்.”

“அவர் இப்போ எங்க இருக்காரு?” என்றான் விக்கி.

“கோவளத்துலதான். அன்னிலேர்ந்து சிநேகிதம். ஞாயித்துக்கிழமை வீடு பாக்க வர்றாரு.”

ஞாயிற்றுக்கிழமை, கையில் வஞ்சிரம் மீனோடு துலுக்காணம் வந்தார். நரைத்த மீசை, அகலமான சிரிப்பு. அந்தத் தாளை ஓவியா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். “‘துணிச்சலான மீனவர். ஊரே கண்ணீர் விட்டது...’”

துலுக்காணம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார்.

“நல்லாத்தான் எழுதிக்கீறாங்க. இன்னொரு தபா படி பாப்பா!”