யாருக்கும் சொந்தமில்லாத நானூறு எம்.பி.

"அழிச்சதெல்லாம் எங்கம்மா போகும்?"

என் மகள் ஆறு வயதில் கேட்டாள். லேப்டாப் பழுது பார்ப்பது என் தொழில். வேலை மும்முரத்தில், "எங்கேயும் போகாது கண்ணு, இல்லாமப் போயிடும்" என்று சொல்லிவைத்தேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

அந்தப் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தவர் சாதுவாகத் தெரிந்தார். இறந்துபோன தங்கையுடையதாம்.

"நினைவகம், அதான் ராம், ஒரு ஜி.பி.தாங்க இருக்கு. விண்டோஸ் போட்டா முக்கி முனகும். லேசான லினக்ஸ் ஒண்ணு போட்டா ஓடும்."

"போடுங்கம்மா. உள்ள இருக்கிறதைச் சுத்தமா துடைச்சிடுங்க. வீட்ல எல்லார்கிட்டயும் கேட்டாச்சு."

எதையும் அழிப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்து ஒரு வாரம் வைத்திருப்பது என் வழக்கம். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். துக்கத்தில் இருப்பவரைச் சந்தேகிப்பது பாவம் என்று நினைத்து, அன்று மட்டும் பிரதி எடுக்காமலே துடைத்தேன்.

மறுநாள் பிற்பகல். மழை இருட்டு. புது லினக்ஸ் எழுந்து நின்றது. சும்மா இருக்கையில் அது இருநூறு எம்.பி. நினைவகம்கூடத் தின்னாது.

அறுநூறு காட்டியது.

ஓடிக்கொண்டிருந்தவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். பட்டியல் காலியானது. நானூறு மட்டும் அசையவில்லை. அதற்குப் பெயரும் இல்லை.

ராமைக் கழற்றி வேறொன்றை மாட்டினேன்.

அதே நானூறு.

கடைக்குள் மருந்தும் ஈரத்துணியும் கலந்த வாடை பரவியது.

அந்த நேரத்தில்தான் குடையை மடக்கியபடி ஒரு பெண் உள்ளே வந்தாள்.

"எங்க அக்காவோட லேப்டாப் இங்கதானே இருக்கு? நீங்க தெரியாம அழிச்சிட்டீங்கன்னு அண்ணன் சொன்னாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆறு மாசமா விடாத காய்ச்சல்ல படுக்கையில இருந்திருக்கா. எனக்கு யாருமே சொல்லலைங்க. போன் பண்ணா, 'உன்மேல கோவமா இருக்கா, பேசமாட்டா'ன்னு அண்ணன் வச்சிடுவாரு. கோவத்தோடவே போயிட்டாளான்னு மட்டும் தெரிஞ்சா போதும். அதுல ஏதாவது எழுதியிருப்பா."

அழிக்கச் சொன்னதே அவர்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் பிரதி எடுக்காதது நான்தானே.

"மன்னிச்சிடும்மா," என்றேன்.

தன் விலாசத்தை எழுதி வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம்.

லேப்டாப்பில் ஒரு விசை தானாக அழுந்தி எழுந்தது. பிறகு இன்னொன்று. எழுதுகிறவருக்கு மூச்சு வாங்குவது போல, இடையிடையே நின்று நின்று.

திரையில் எழுத்துகள் முளைத்தன.

'உன்மேல கோவம் இல்லடி. உன்னை வரச் சொல்லுன்னு அண்ணன்கிட்ட தினமும் கேக்கிறேன். சொல்லிட்டேன்னு சொல்றான். நானும் வாசலையே பார்த்துட்டிருக்கேன்.'

நீண்ட இடைவெளி.

'அவனை நம்பினேன்.'

"நானும்தான்," என்றேன்.

பக்கம் பக்கமாக வந்தது. ஒரு வரி விடாமல் பென் டிரைவில் ஏற்றினேன்.

மறுநாள் விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். தெருவில் ஈ காக்கை இல்லை. பெயர் எழுதாத உறைக்குள் பென் டிரைவை வைத்து, கதவில் தபால் போடும் திறப்பில் நுழைத்தேன்.

விரலை எடுப்பதற்குள், அதே மருந்தும் ஈரத்துணியும் கலந்த வாடையோடு, உள்ளிருந்து ஒரு கை அதை மெல்ல வாங்கிக்கொண்டது.

காய்ச்சல் கொதிக்கிற கை.