மேலே யாரோ போனை எடுக்கிறார்கள்

அபிராமபுரத்தில் அந்த நர்ஸிங் ஹோமை முதன்முதலில் பார்த்தபோது நீரஜாவுக்குச் சிரிப்புதான் வந்தது. பெயர்ப்பலகை பளபளவென்று புதுசு. அதற்குப் பின்னால் நிற்கிற பங்களாவோ அரதப் பழசு. ஐப்பசி மழை விடாமல் அடித்ததில் சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கிடந்தது. ஈரச் செருப்போடு உள்ளே போகலாமா கூடாதா என்று அவள் வாசலில் தயங்கிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி வந்துவிட்டார்.

"வாம்மா, வா. வார்டு வேலை கிடையாது நோக்கு. போன்தான். உண்டாயிருக்கறவா, கொழந்தை பெத்துண்டு ஆத்துக்குப் போனவா, எல்லாரும் கூப்பிடுவா. கேக்கறதுக்குப் பதில் சொல்லணும். துளி சந்தேகம் வந்தாலும் ஒடனே கெளம்பி வான்னுடணும். தெரிஞ்சுதா?"

தொண்ணூறுகளின் நடுவில் போனிலேயே கர்ப்பிணிகளுக்கு யோசனை சொல்வது என்பது ஊருக்குப் புதுசு. செக்கப்புக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் நம்பர் அச்சடித்த அட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புவார் டாக்டர். மயிலாப்பூரிலிருந்து மாம்பலம் வரைக்கும் அந்த அட்டை எத்தனையோ வீடுகளில் போனுக்குப் பக்கத்திலேயே செருகியிருந்தது.

நீரஜா அரசாங்க ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவள். பேய், பிசாசு ஜம்பமெல்லாம் அவளிடம் செல்லாது. உட்கார்ந்த இடத்தில் சம்பளம், காலுக்கு ஓய்வு, இதைவிட ஒரு நர்ஸுக்கு வேறென்ன வேண்டும்!

போன்கள் வந்தன. தெரியாமல் ஒரு துண்டு பப்பாளி தின்றுவிட்டேன் என்று ஓவென்று அழுதாள் ஒருத்தி. குங்குமப்பூ கொடுத்தால் பேரப்பிள்ளை சிவப்பாகப் பிறக்குமா என்று கேட்டாள் ஒரு மாமியார். "அதெல்லாம் உங்க பையன் கலர்தாம்மா வரும்" என்று நீரஜா சொன்னதும் அந்தம்மாள் படக்கென்று போனை வைத்துவிட்டாள். நீரஜாவின் வாய் அப்படி.

முதல் வாரக் கடைசியில் ஒரு மத்தியானம். யாரோ ஒரு பெண்ணிடம் அவள் பேசிக்கொண்டிருந்தபோது லைனில் 'க்ளிக்' என்றது. வேறெங்கோ ரிசீவரை எடுக்கிற சத்தம். கூடவே கண்ணாடி வளையல் குலுங்கியது. வளைகாப்பு முடிந்த கையில் முழங்கை வரைக்கும் அடுக்கியிருப்பார்களே, அந்தக் கை லேசாக அசைந்தால் எழுகிற சத்தம்.

"வளையல் சத்தம் உங்க கையா?"

"இல்லீங்க சிஸ்டர். கை வீங்குதுன்னு கழட்டி வெச்சிட்டேன்."

நீரஜா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். வேலைக்கு வரும்போது அவள் வளையலே போடுவதில்லை. பேசி முடிக்கிறவரைக்கும் அந்த மூன்றாவது ஆள் ரிசீவரை வைக்கவில்லை. மெல்லிய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆயா அன்வரி பேகம் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஆயா, இந்த லைனுக்கு மாடியில பேரலல் போன் இருக்கா? யாரோ எடுத்து ஒட்டுக் கேக்கறாங்க" என்றாள் நீரஜா.

அன்வரி பேகத்தின் கை நின்றது. "மேலயா? மேல இன்னா கீது? ஒடஞ்ச கட்டிலுங்கதான் கீது. அந்த போன எப்பவோ கயட்டிட்டாங்கோ." வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

மழைக்காலத்தில் மெட்ராஸ் போன் என்ன பாடு படுத்தும் என்று ஊருக்கே தெரியும். வேறு லைன் கலந்த கிராஸ் டாக்காக இருக்கும் என்று நீரஜா மனசைத் தேற்றிக்கொண்டாள்.

தினமும் கூப்பிடுகிறவர்களில் மதுமதி அவளுக்கு ரொம்பப் பிடித்தவள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். புருஷன் முத்துகிருஷ்ணனுக்கு ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை. கடைக்குப் பின்சந்தில், பாத்திரக்கடைக்கு மேலே வீடு. தலைப்பிரசவம், ரத்த அழுத்தம் இருந்ததால் ஊருக்குப் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தீபாவளி வியாபாரத்தில் புருஷன் சாப்பிடக்கூட வீட்டுக்கு வருவதில்லை. துணைக்கு ஆளில்லாத அந்தப் பெண்ணுக்குப் போன்தான் பிறந்த வீடு. "எதுன்னாலும் உடனே கூப்பிடு. நான் இருக்கேன்" என்று நீரஜா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அவள் கூப்பிட்டபோது குரலே சரியில்லை.

"சிஸ்டர், பிள்ளை அசையவே மாட்டேங்கு. காலையில இருந்தே ஒரு மாதிரியா இருக்கு. அவியளும் கடைக்குப் போயிட்டாவ. பயமா இருக்கு."

நீரஜா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பயப்படாத. வயித்துக்கு ஏதாவது சாப்பிடு. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. அரை மணி நேரம் கையை வெச்சுக் கவனி. அசைஞ்சாலும் எனக்குப் போன் பண்ணு. அசையலேன்னா போன் பண்ணிட்டு, கடையில சொல்லி வண்டி பிடிச்சு நேரா இங்க வந்துடு. சரியா?"

"சரி சிஸ்டர்."

போன் அடிக்கவில்லை. மழை வலுத்தது. டீ ஆறி ஆடை கட்டிப் போயிற்று. டாக்டர் தெருமுனையிலிருந்த தன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். இனி காத்திருப்பதில் அர்த்தமில்லை, நாமே கூப்பிடுவோம் என்று நீரஜா ரிசீவரை எடுத்தாள்.

டயல் டோன் இல்லை.

மதுமதி பேசிக்கொண்டிருந்தாள்.

"இப்பம் பயமே இல்ல சிஸ்டர். நீங்க சொன்ன மாதிரியே படுத்திருக்கேன். கண்ண சொருகுது."

"அதான் சரி கண்ணு." நிதானமான, பரிவான குரல். பழகிய நர்ஸின் குரல். "கொழந்தை தூங்குது. நீயும் அசையாம இரு. எழுப்பிடாத."

வளையல் குலுங்கியது.

"மதுமதி! அது நான் இல்ல! எழுந்திரு! கிளம்பு!" நீரஜா தொண்டை கிழியக் கத்தினாள். அவர்கள் இருவர் காதிலும் அது விழவில்லை. போனைத் தட்டிப் பார்த்தாள். வைத்துவிட்டு எடுத்தாள். பேச்சு அறுபடவேயில்லை. அந்தக் கட்டடத்துக்கே அது ஒரே லைன்.

அன்வரி பேகத்தின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு அவள் மாடிக்கு ஓடினாள். ஆயா "வாணாம்மா, வாணாம்!" என்று பின்னாலேயே வந்து, பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

பூட்டு திறந்தது. கதவைத் தள்ளியதும் முகத்தில் அடித்தது வாசனை. டெட்டாலும் தூசியும், அவற்றுக்கு அடியில், புளித்துப்போன தாய்ப்பால். பிரசவ வார்டில் இருந்தவளுக்கு அந்த வாசனை தப்பாது.

உள்ளே துருப்பிடித்த கட்டில்கள். ஒரு நாற்காலி. சுவரில் வெட்டிவிட்ட போன் வயர் சும்மா தொங்கியது. போன் இல்லை. ஆள் இல்லை.

குரல் இருந்தது.

"தூங்குது... தூங்குது..."

நாற்காலியின் பக்கத்திலிருந்து வந்தது அது. நீரஜாவுக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. திரும்பி ஓடிவிட்டால் போதும் என்றிருந்தது.

"பங்கஜம் சிஸ்டரும்மா அது." படியிலிருந்து அன்வரி பேகம் அழுதாள். "இந்த போன் வேலைய மொதல்ல பாத்தது அவங்கதான். கல்யாணமாயி ரொம்ப வருசம் கயிச்சி உண்டாச்சி. இந்த ரூம்ல குந்திக்கினு ஊரு பொம்பளைங்களுக்கெல்லாம் துடிப்பப் பாரு, துடிப்பப் பாருன்னு வாய் ஓயாம சொல்லிக்கினு இருப்பாங்கோ. அவங்க வயித்துல துடிப்பு நின்னத மட்டும் ஒத்துக்கவே இல்ல. டாக்டரம்மா தொட வந்தாகூட கைய தட்டிவுட்டாங்கோ. தூங்குது, எழுப்பாதீங்கன்னே சொல்லிக்கினு... உள்ளயே வெசமாயி, சொரம் வந்து, போன காதுல வெச்சிக்கினே போய்ட்டாங்கம்மா."

பாவி மகளே! ஊருக்கெல்லாம் சொன்ன புத்தி உனக்கு இல்லாமல் போயிற்றே! ஆனால் நின்று அழ நேரமில்லை. அங்கே ஒருத்தி கண்ணயர்ந்துகொண்டிருந்தாள்.

"ஆயா, டாக்டர் வீட்டுக்கு ஓடு. தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லு. மதுமதியைக் கூட்டிட்டு வரேன்."

வாசலில் கிடைத்த ஆட்டோக்காரன் உஸ்மான் ரோடு என்றதும் கையை விரித்தான். "தீவாளி டைம்ல அங்கயா? நடந்தாகூட போவ முடியாது மேடம்."

"ஒரு பொண்ணு உயிரு, வயித்துல ஒரு உயிரு. போறியா இல்லியா?"

அவன் மறுபேச்சுப் பேசாமல் கிக்கரை இழுத்தான். எல்டாம்ஸ் ரோட்டில் முழங்கால் தண்ணீர். பனகல் பார்க்கைத் தாண்டி வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. ஆட்டோவை அங்கேயே காத்திருக்கச் சொல்லிவிட்டு நீரஜா இறங்கி ஓடினாள். பட்டுப்புடவைப் பைகளும் குடைகளும் இடித்த இடியில் செருப்பு ஒன்று எங்கேயோ போயிற்று. யார் யாரோ திட்டினார்கள். அவள் காதில் 'கண்ண சொருகுது' என்பது மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது.

பாத்திரக்கடை. மாடிப்படி. கதவு சும்மா சாத்தியிருந்தது.

மதுமதி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ரிசீவர் காதுக்கும் தலையணைக்கும் நடுவில் இருந்தது. பாதி மூடிய கண். உதட்டில் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நீரஜா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மதுமதி! எழுந்திரு! நான் நீரஜா."

"நீரஜா சிஸ்டரா..." அவள் கஷ்டப்பட்டுக் கண்ணைத் திறந்தாள். "அப்பம் போன்ல யாரு?"

நீரஜா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள்.

மூச்சு. வளையல். அப்புறம், கொஞ்சம் மனத்தாங்கலோடு அந்தக் குரல்:

"ஏன் சிஸ்டர் எழுப்பறீங்க? ரெண்டும் நல்லாத் தூங்குதே."

நீரஜா சுவரிலிருந்து வயரை ஆணியோடு பிய்த்து எறிந்தாள்.

பாத்திரக்கடைப் பையன்கள் நாற்காலியோடு மதுமதியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ வரைக்கும் வந்தார்கள். அன்று சாயங்காலம் அபிராமபுரத்தில் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தபோது கொடி கழுத்தை இறுக்கியிருந்தது. நீலம் பாரித்த பெண் குழந்தை. அழவில்லை. டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி சளியை உறிஞ்சி எடுத்தார், முதுகைத் தேய்த்தார், பாதத்தைச் சுண்டினார். தியேட்டரில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

அப்புறம் அழுதது பாருங்கள், அப்படி ஓர் அழுகை! நீரஜாவும் கூடவே அழுதாள். அளவு டேப்பைக் கழுத்தோடு போட்டுக்கொண்டு கடையிலிருந்து ஓடிவந்திருந்த முத்துகிருஷ்ணன், "அழுதுட்டா? பிள்ளை அழுதுட்டா சிஸ்டர்?" என்று கேட்டபடியே வராந்தாத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நடந்ததை நீரஜா சொன்னபோது டாக்டர் குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. "லைனைச் சரண்டர் பண்ணிடறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. மறு வாரம் லைன்மேன் வந்து கருவியைக் கழற்றிக்கொண்டு, கம்பத்திலிருந்தும் வயரை வெட்டிவிட்டுப் போனான். நீரஜா வார்டு வேலைக்குத் திரும்பினாள். பொங்கலுக்கெல்லாம் நன்றாகத் தூக்கம் வர ஆரம்பித்தது.

மாசி மாதம் ஒரு பளிச்சென்ற மத்தியானம். பாண்டி பஜாரில் ரவிக்கைத் துணி வாங்கிக்கொண்டிருந்தவளை, நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் பிடித்து நிறுத்தினாள். பெயர் சாருலதா; மயிலாப்பூர்க்காரி; மழைக்காலத்தில் டாக்டரிடம் செக்கப்புக்கு வந்தவள்.

"சிஸ்டர், சௌக்கியமா? இப்போ எங்காத்துப் பக்கத்துலயே வேற டாக்டர்கிட்டக் காமிச்சுண்டிருக்கேன். ஆனா உங்க போன் மாதிரி வராது. எப்போ பண்ணினாலும் ஒடனே எடுக்கறாளே!"

நீரஜாவின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"எப்ப பேசினீங்க?"

"நேத்திக்குத்தான். அசைவு கொறஞ்சிருக்கேன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, தூங்கறது, அலட்டிக்காம இருன்னா. அதான் நிம்மதியா கடைக்கு வந்துட்டேன்."

நீரஜா அவளை இழுக்காத குறையாக ஆட்டோவில் ஏற்றி, கிட்டத்திலிருந்த பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். துடிப்பு இருந்தது, ரொம்ப மெதுவாக இருந்தது. உடனே தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குழந்தை அழுகிற சத்தம் வெளியே கேட்டபிறகுதான் நீரஜா வாசலுக்கு வந்தாள்.

எதிர்ச்சாரியில் ஷரஃபுதீன் என்பவருடைய எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் நர்ஸிங் ஹோமின் அந்தப் பழைய நம்பரை அழுத்தினாள். இல்லாத நம்பர். கருவி கிடையாது, கம்பத்தில் வயர் கிடையாது. யார் எடுத்தாலும் கெஞ்சியாவது நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தாள்.

மணி போகவில்லை. விட்டு விட்டு 'பீப், பீப்' என்று மட்டும் கேட்டது.

வைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். மறுபடி.

வெளியிலிருந்து ஷரஃபுதீன் கண்ணாடியைத் தட்டினார். "இன்னாம்மா, எங்கேஜ்டா? யாரோ பேசிக்கினு கீறாங்கோ. செத்த நேரம் கயிச்சி போடு."