அண்ணன் கொடுத்த அணுக்கள்

பகல் பதினொரு மணிக்கு மாடியில் மணல் மூட்டையைக் குத்தும் சத்தம் கேட்டது. மாடியில் மூட்டையே இல்லை. செங்கொடி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றே, தூசி ஆகாதென்று அண்ணன் அன்பரசன் அதை அவிழ்த்து பாக்சிங் கிளப்பில் போட்டுவிட்டான்.

ரத்தப் புற்றுக்காக அவனுடைய ஸ்டெம் செல்களை அவளுக்கு ஏற்றி நாற்பத்தொரு நாள் ஆகிறது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டின் அறையில், ஜன்னலிடுக்கில் டேப் ஒட்டியும் எப்படியோ கசிந்து வரும் கரி வாசனைக்கும், பினாயில் நெடிக்கும், முகமூடிக்குள் திரும்பத் திரும்ப வந்து மோதும் தன் மூச்சின் சூட்டுக்கும் நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். வெள்ளணு முதலில் இருநூறு. பிறகு அறுநூறு. நேற்று இரண்டாயிரம். எண்ணிக்கை ஏற ஏற வீடே சிரித்தது. சத்தமும் கிட்டே வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"பாக்ஸர் ரத்தம்மே. உள்ள பூந்து நோவை அட்ச்சிகினு கீது," என்றான் அன்பரசன், அறை வாசலில் நின்றபடியே.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். புது அணுக்கள் சில சமயம் அவள் உடம்பையே எதிரியென்று நினைத்து அடிக்கும். தோல் சிவந்தால் உடனே வர வேண்டும். தாமதித்தால் உயிர் தங்காது.

செங்கொடி உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். மிளகாய் அரைத்த கைபோலச் சிவந்திருந்தன.

அவன் சிரிப்பு நின்றது. "ஆட்டோ இட்டாறேன். குந்திகினே இரு."

செருப்புச் சத்தம் படியிறங்கித் தேய்ந்தது. மற்றது தேயவில்லை. தொம். தொம். இப்போது மாடியில் இல்லை. அவள் விலாவுக்கு உள்பக்கம். வேர்வை ஊறிய கையுறையின் நாற்றம் அவள் மூச்சிலேயே வந்தது.

எழுந்தாள். குந்த மாட்டாள். முகமூடியைக் கழற்றிவிட்டு, முடி கொட்டிய தலையோடு கண்ணாடி முன் நின்று, முஷ்டிகளை முகத்துக்கு நேரே உயர்த்தினாள்.

"இது என் வூடு," என்றாள். "நீ வந்து நாப்பத்தியோரு நாளு. நான் இருபத்திரெண்டு வருசமா இங்க கீறேன். அடி. பாத்துடலாம்."

சத்தம் நின்றது.

இடது கன்னத்தில் தோல் மெல்ல எழும்பியது. உள்ளிருந்து. ஒரு விரல்முட்டி. இரண்டு. நான்கு, வரிசையாக.

வலித்தது. அவள் கையை இறக்கவில்லை.

நெற்றியில் நான்கு. கழுத்தில் நான்கு. நைட்டிக்கு அடியில், உடம்பெங்கும். முட்டிகளுக்கு நடுவே அவள் கண்கள் இரண்டும் இமைக்காமல் திறந்தே இருந்தன.